கடைசிப் பரிசல்: டைனோசர் துரத்தும் பலகை விளையாட்டை வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரியில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு தொடங்கி பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இந்த விளையாட்டைச் செய்து பார்த்தாகிவிட்டது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வேலை ஒரே இடத்தில்தான் நின்றது. முதல் நாளே பெரிய சார்ட்டை விரிப்பார்கள். டி. ரெக்ஸை வரைந்து பல்லுக்குப் பல் நிழல் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் விளையாட உட்கார்ந்தால் அரை மணியில் சண்டை. விதியை மாற்றினால் கட்டத்தை மாற்ற வேண்டும், கட்டத்தை மாற்றினால் படத்தைக் கிழிக்க வேண்டும். கிழிக்க யாருக்கும் மனசு வராது. சார்ட் சுருண்டு பீரோ மேலே போய்விடும்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் விதி, அப்புறம் கிறுக்கல் கட்டம், அப்புறம் விளையாடிப் பார்ப்பது. வரைவது கடைசி வேலை.

விளையாட்டு இதுதான். 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் வேலியில் மின்சாரம் போய், டைனோசர்கள் வெளியே வந்து, மாட்டிக்கொண்டவர்கள் மின்சாரத்தை மீட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதையே எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் டைனோசர் பக்கம், மற்றவர்கள் எல்லாரும் மனிதர் பக்கம். படத்தின் கதை கோஸ்டா ரிகா பக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் இஸ்லா நுப்லார் என்ற கற்பனைத் தீவில் நடக்கிறது, தப்பிப்பது ஹெலிகாப்டரில். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒகேனக்கல், தெரிந்த வண்டி பரிசல். ஆகவே ஆட்டத்தை அங்கே கொண்டுவந்துவிட்டோம். தீவுதான் வேண்டும் என்பவர்கள் கட்டங்களின் பெயரை மட்டும் மாற்றினால் போதும், விதி எதுவும் மாறாது.

2 முதல் 5 பேர் ஆடலாம். 8 வயதுக்கு மேல் இருந்தால் நல்லது. ஓர் ஆட்டம் 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஏழெட்டு. சார்ட்டை விட இந்த அட்டை கெட்டி, வீட்டில் சும்மா கிடப்பது, வீணானால் வருத்தமும் இல்லை. இவற்றிலிருந்து 6 செ.மீ. சதுரமாக 25 துண்டு வெட்ட வேண்டும். எழுத்து இல்லாத பின்பக்கம்தான் நமக்குத் தேவை.

புளியங்கொட்டை 40. ஆட்டத்துக்கு 30 போதும், ஆனால் சோபாவுக்கு அடியில் போவது போகத்தான் செய்யும். மாசி, பங்குனியில் புளி தட்டும் வீடு பக்கத்தில் இருந்தால் ஒரு கை நிறையவே கொடுப்பார்கள்.

சோடா மூடி 3 (மனிதர்கள்), மளிகைக் கடை அட்டைப்பெட்டி ஒன்று (டைனோசர்கள்), பென்சில், ஸ்கேல், கத்தரி, அழிப்பான், ஒரு பட்டன். பசையும் ஸ்கெட்ச் பேனாவும் இப்போது வேண்டாம். எடுத்து ஒளித்தே வையுங்கள். கண்ணில் பட்டால் பிள்ளைகள் வரையத் தொடங்கிவிடுவார்கள், நாம் பழைய கதைக்கே போய்விடுவோம்.

படத்தைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்திருந்தால் நல்லது. பார்க்காவிட்டாலும் மேலே சொன்ன கதை போதும்.

2. யார் எப்படி ஜெயிப்பது என்பதை முதலில் எழுதுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் கட்டத்தில் தொடங்குகிறார்கள். கட்டம் எத்தனை, பாதை எப்படி என்று அரை நாள் போகும். கடைசியில் "சரி, எப்ப முடியும்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போதுதான் விழிப்பார்கள். முடிவு தெரிந்தால்தான் எத்தனை கட்டம் வேண்டும் என்றே தெரியும்.

ஒரு தாளில் மூன்றே வரி:

ஜெனரேட்டர், வயர்லெஸ், வேலி சுவிட்ச் என்ற மூன்று அறைகளிலும் வேலை முடித்து, மூன்று மனிதர்களும் பரிசல் ஏறினால் மனிதர் பக்கம் வெற்றி.

டைனோசர்கள் மூன்று முறை ஆளை வீழ்த்தினால் டைனோசர் பக்கம் வெற்றி.

நீர்வரத்து கடைசிப் படியைத் தொட்டால் பரிசலுக்குத் தடை. அப்போதும் டைனோசர் பக்கம் வெற்றி.

மூன்றாவது வரி எதற்கு? முதல் தடவை அது இல்லாமல்தான் ஆடினோம். மனிதர்கள் அறைக்குள் பதுங்கி, டைனோசர் அலுத்துப் போகும்வரை வெளியே வரவே இல்லை. ஒன்றே கால் மணி நேரம் ஆகியும் ஆட்டம் முடியவில்லை. துரத்தல் விளையாட்டில் ஓடுகிறவனை ஏதாவது ஒன்று பின்னாலிருந்து தள்ள வேண்டும். மழைக்காலத்தில் நம் ஊர்ச் செய்தியில் தினமும் வருவதுதான் அது: காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை.

ஒரு நீளத் துண்டில் பத்துப் படி எழுதுங்கள்: 8,000, 10,000, 14,000, 18,000, 24,000, 32,000, 45,000, 60,000, 80,000, 1 லட்சம். பட்டனை 8,000-இல் வைத்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு படி ஏற்றினால் மனிதர்களுக்கு ஒன்பது சுற்று கிடைக்கும். இது ஆட்டக் கணக்கு மட்டும்தான். நிஜத்தில் தடை எப்போது என்பதை நிர்வாகம் நீர்வரத்தைப் பார்த்து முடிவு செய்கிறது.

3. படத்திலிருந்து நான்கு விஷயம் மட்டும் எடுங்கள்

படம் பார்த்த பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். ஜீப், ஆடு, கொசு, முட்டை. ஒவ்வொன்றையும் சேர்த்தால் விதித்தாள் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி ஆகிவிடும். விலங்கின் குணத்தைக் காட்டுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்:

டி. ரெக்ஸ் அசைவதைத்தான் பார்க்கும்.
ராப்டர்கள் (முழுப் பெயர் வெலாசிராப்டர்) கூட்டாக வேட்டையாடும்.
ராப்டருக்குக் கதவு திறக்கத் தெரியும்.
டைலோஃபோசரஸ் எட்ட நின்று கண்ணில் விஷம் துப்பும்.

இதில் எது நிஜம் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், தயாராக இருங்கள். டி. ரெக்ஸின் கண்கள் முன்னோக்கி இருந்தன, பார்வை கூர்மையாகவே இருந்திருக்கும். அசையாமல் நின்றால் தப்பலாம் என்பது படத்தின் கற்பனை. நிஜ வெலாசிராப்டர் ஒரு வான்கோழி அளவுதான், இறகும் இருந்தது. டைலோஃபோசரஸ் விஷம் துப்பியதற்குப் புதைபடிவத்தில் எந்த அடையாளமும் இல்லை. அதற்கும் டி. ரெக்ஸுக்கும் நடுவில் பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல் இடைவெளி, ஒன்றையொன்று பார்த்திருக்கவே முடியாது. எங்கள் வீட்டில் இதைக் கேட்ட பையன், "அப்ப நம்ம ஆட்டத்துலதான் முதல் தடவையா பாத்துக்குதுங்களா?" என்றான்.

4. கட்டங்களை உதிரியாகவே வையுங்கள்

25 துண்டுகளிலும் பென்சிலால் பெயர் மட்டும் எழுதுங்கள். ஒட்டாதீர்கள். உதிரியாக இருந்தால் கட்டத்தை மாற்றுவது ஒரு நொடி வேலை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது வரைபடமும் கிடைக்கும்.

5-க்கு 5 ஆக அடுக்க வேண்டும். ஐந்து துண்டுகளின் இடம் எப்போதும் மாறாது. மேல் இடது மூலையில் பேருந்து நிலையம், எல்லாரும் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். எதிர் மூலையில், கீழ் வலது பக்கம், மாமரத்துக்கடவு பரிசல்துறை. மீதி இரண்டு மூலைகளிலும் நட்டநடுவிலும் மூன்று அறைகள்: ஜெனரேட்டர் அறை, வயர்லெஸ் அறை, வேலி சுவிட்ச் அறை.

இந்த இடங்களுக்குக் காரணம் உண்டு. பேருந்து நிலையத்திலிருந்து மூன்று அறைக்கும் நான்கு கட்டம்தான். அறையிலிருந்து துறைக்கும் நான்கு கட்டம். "எனக்கு மட்டும் ஏன் தூரமான அறை?" என்ற பேச்சே எழாது. மூலைவிட்டமாக நகரக் கூடாது, மேலே கீழே இடம் வலம் மட்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

மற்ற இருபது துண்டுகளைக் கலைத்துப் போட்டு நிரப்புங்கள். பதினான்கு வெறும் காடு. மூன்று பாறை. அப்புறம் மூன்று விசேஷக் கட்டங்கள்:

தொங்கு பாலம்: டி. ரெக்ஸ் ஏற முடியாது.
முதலைப் பண்ணை: இங்கே நின்று முறையை முடித்தால் ஒரு மூச்சு போகும் (மூச்சு என்பது ஆளின் உயிர்க் கணக்கு, 6-இல் வரும்).
மீன் வறுவல் கடை: இங்கே நின்றால் ஒரு மூச்சு கூடும். ஆளுக்கு ஒரு தடவைதான், இரண்டாம் பிளேட் கிடையாது.

பாறையில் ராப்டர் மட்டும் ஏறலாம். பாறைகள் பக்கமாகவோ மூலையாகவோ ஒன்றையொன்று தொட்டால் ஒன்றை எடுத்து வேறு இடத்துத் துண்டோடு மாற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டுப் பாதி ஆட்டத்தில் ஜெனரேட்டர் அறைக்கு வழியே இல்லை என்று கண்டுபிடித்தவர்கள் நாங்கள். மூலை அறைக்கு இரண்டே வாசல், இரண்டிலும் பாறை விழுந்திருந்தது. பாறைகள் தொடாமல் இருந்தால் எந்த இடமும் அடைபடாது.

5. கொட்டையைத் தேய்த்துப் பகடை செய்யுங்கள்

கடைப் பகடையும் போடலாம். ஆனால் 1 முதல் 6 வரை விழுவது இந்த ஆட்டத்துக்கு அதிகம், ஒரே வீச்சில் ஆள் காலி. மூன்று புளியங்கொட்டைகளின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். டைனோசர் தாக்கும்போது இதைப் போட்டால் எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை அடி, அதாவது அத்தனை மூச்சு போகும். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை.

தேய்க்கும்போது கொட்டை நன்றாகச் சூடாகும். அதைத் தம்பி கையில் வைத்துச் சுடுவது நம் ஊரில் வழிவழியாக வரும் கலை, கண் வைத்திருங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அந்த வம்பும் இல்லை.

தேய்த்ததும் சோதிக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. தேய்த்த பக்கம் ரொம்பத் தட்டையாகிவிட்டால் கொட்டை அதன்மேலேயே உட்கார்ந்துவிடும், வெள்ளை குறையும். மூன்றையும் சேர்த்து 20 தடவை போடுங்கள். மொத்தம் 60 விழும். வெள்ளை 24-லிருந்து 36-க்குள் இருந்தால் சரி. அதற்குக் கீழே போனால் கொட்டையை மாற்றுங்கள். ஓசூரில் ஒரு வீட்டில் டைனோசர் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தது. விதியை நான்கு தடவை மாற்றிப் பார்த்தும் பலிக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் 60-க்கு 15 வெள்ளை. குற்றம் விதியில் இல்லை, கொட்டையில்.

6. மனிதர் பக்கத்து விதிகள்

எத்தனை பேர் ஆடினாலும் மனிதக் காய் மூன்றுதான். நான்கு பேர் என்றால் ஆளுக்கொன்று. மூன்று பேர் என்றால் ஒருவர் இரண்டு காயை நடத்துவார், இரண்டே பேர் என்றால் மூன்றையும் ஒருவரே. ஐந்து பேர் என்றால் சின்னவர்கள் இருவர் சேர்ந்து ஒரு காய்.

ஒவ்வொரு காய்க்கும் 6 புளியங்கொட்டை. இதுதான் மூச்சு. ஒரு முறையில் இரண்டு கட்டம் வரை சும்மா நகரலாம். மூன்றாவது கட்டம் ஓட வேண்டுமானால் ஒரு மூச்சைக் கொடுக்க வேண்டும். டைனோசர் கடித்தாலும் மூச்சுதான் போகும். ஓடவும் உயிருக்கும் ஒரே கொட்டை என்பதால் "ஓடலாமா, வைத்திருக்கலாமா" என்று பிள்ளை ஒவ்வொரு முறையும் யோசிக்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்தபோது யாரும் யோசிக்கவில்லை, எல்லாரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

அறை வேலையை முடிக்க, உள்ளே ஒரு முழு முறை நகராமல் நிற்க வேண்டும். முடிந்ததும் அந்தத் துண்டைத் திருப்பிப் போடுங்கள். எது முடிந்தது என்று யாரும் மறக்க மாட்டார்கள். டைனோசர் நிற்கும் கட்டத்துக்குள் மனிதர் நுழையக் கூடாது.

மூச்சு தீர்ந்தால் டைனோசர் பக்கம் ஒரு புள்ளி. அந்தக் காய் பேருந்து நிலையத்திலிருந்து 3 மூச்சோடு புதிதாகக் கிளம்பும். யாரும் பாதியில் சும்மா உட்கார வேண்டியதில்லை.

7. டைனோசர் பக்கத்து விதிகள்

நான்கு காய்: ஒரு டி. ரெக்ஸ், இரண்டு ராப்டர், ஒரு டைலோஃபோசரஸ். ஒரு சுற்றில் இவற்றில் இரண்டை மட்டுமே நகர்த்தலாம். நான்கையும் நகர்த்த விட்டால் மூன்றாம் சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

டி. ரெக்ஸ் 2 கட்டம் நகரும். இந்தச் சுற்றில் நகர்ந்த மனிதரை மட்டுமே தாக்கலாம், மூன்று பகடைக் கொட்டையும் போடலாம். அறைக்குள் நுழையாது. யார் நகரவில்லை என்பது ஞாபகம் இருக்காது, ஆகவே நகராதவர் தன் சோடா மூடியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

ராப்டர் 3 கட்டம் நகரும். தனியாகத் தாக்கினால் ஒரே பகடைக் கொட்டை. இன்னொரு ராப்டர் பக்கத்துக் கட்டத்திலோ அதே கட்டத்திலோ இருந்தால் மூன்று. உள்ளே மனிதர் இருந்தால் அறைக்குள்ளும் நுழையும். காலி அறைக்குள் நுழையக் கூடாது, இல்லாவிட்டால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

டைலோஃபோசரஸ் 2 கட்டம் நகரும். கடிக்காது. பக்கத்துக் கட்டத்தில் இருப்பவர்மேல் துப்பும், அடி கணக்கு இல்லை. துப்பப்பட்டவர் அடுத்த முறை நகரவோ வேலை செய்யவோ முடியாது. இதில் ஒரு வேடிக்கை: கண் தெரியாமல் நிற்பவர் அசைய மாட்டார், எனவே டி. ரெக்ஸ் அவரைப் பார்க்காது. நாங்கள் திட்டமிட்டு வைத்தது இல்லை, ஒரு பெண் குழந்தை ஆடும்போது கண்டுபிடித்தது. அப்படியே வைத்துக்கொண்டோம்.

ராப்டரும் டி. ரெக்ஸும் மனிதரின் கட்டத்துக்குள் வந்துதான் தாக்கும். தொடக்கத்தில் டி. ரெக்ஸை நடு அறைக்கும் துறைக்கும் இடையில் எங்காவது வையுங்கள். ராப்டர்கள் கீழ் வரிசையில், டைலோஃபோசரஸ் வலது ஓரத்தில்.

8. சுற்றின் வரிசை

முதலில் மனிதர்கள், அவர்களுக்குப் பிடித்த வரிசையில். அப்புறம் டைனோசர். கடைசியில் நீர்வரத்து ஒரு படி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மனிதர் நகர்ந்த பிறகுதான் யார் அசைந்தார் என்று டி. ரெக்ஸுக்குத் தெரியும்.

பட்டனை ஏற்றும் வேலையை வீட்டில் இருக்கிற ஆகச் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டு நாலு வயசுக்காரி வானொலிச் செய்தி மாதிரி "நீர்வரத்து... அதிகரிப்பு!" என்று கத்துவாள். அதற்கப்புறம் படி ஏற்ற மறந்ததே இல்லை.

9. வரைவதற்கு முன் மூன்று ஆட்டம்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கிறுக்கல் தாளிலேயே குறைந்தது மூன்று முழு ஆட்டம் ஆட வேண்டும். ஓரமாக ஒரு நோட்டை வைத்து, சண்டை வந்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு வரியில் குறியுங்கள். சண்டை வருகிற இடத்தில் ஒரு விதி குறைகிறது என்று அர்த்தம். அப்படி எங்கள் நோட்டில் ஏறியவை:

முதல் வடிவத்தில், வீழ்ந்த பிள்ளை மூன்றாவது ராப்டராக மாறும் என்று வைத்திருந்தோம். நல்ல யோசனை என்று எனக்கே பெருமை. இரண்டாம் சுற்றில் அக்கா மகன் டி. ரெக்ஸ் முன்னால் போய் நின்றுகொண்டு, "மாமா, நான் ஓட மாட்டேன். அது என்னத் தின்னட்டும், நான் ராப்டர் ஆகணும்" என்றான். யாருக்குத்தான் மனிதராக இருக்க ஆசை? அன்றே அந்த விதியை அடித்துவிட்டுப் பேருந்து நிலையத்திலிருந்து புது ஆள் வருவதாக மாற்றினோம்.

அடுத்தது பதுங்கல். ஒருத்தி நேராகத் துறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் ஓரம், டைனோசர் வராது. மற்ற இருவரும் அல்லாட இவள் வேர்க்கடலை கொறித்தாள். அதனால் இந்த விதி: மூன்று அறையும் முடியும்வரை துறைக் கட்டத்துக்குள் யாரும் நுழையக் கூடாது. முடிந்த பிறகு நுழைந்தவர் பரிசல் ஏறிவிட்டதாகக் கணக்கு, அவரை ஒன்றும் செய்ய முடியாது.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. டைனோசர் ஆடிய என் மைத்துனர் துறைக்குப் போகும் இரண்டு கட்டங்களிலும் ஆளுக்கொன்றை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதற்கு விதி: துறைக்குள் டைனோசர் நுழையாது, துறையை ஒட்டிய இரண்டு கட்டங்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஒரு டைனோசர்தான் நிற்கலாம்.

அப்புறம் மொழிச் சண்டை. நம் பக்கத்தில், அதுவும் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம், வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் நிறைய. மனிதர் பக்கத்துப் பிள்ளைகள் மூவரும் தெலுங்கில் திட்டம் போட, எதிரே டைனோசராக உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அழுகுணி ஆட்டம் என்று நான் சொல்ல, அவர்கள் அவ்வா (பாட்டி) வந்து, "டைனோசருக்குத் தமிழ் மட்டும் தெரியுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் இல்லை. எந்த மொழியிலும் பேசலாம், ஆனால் சத்தமாகப் பேச வேண்டும், காதில் குசுகுசுப்பது கூடாது என்று முடிவானது. எனக்கு அதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

10. ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்

மூன்று ஆட்டத்திலும் ஒரே பக்கம் ஜெயித்தால் இரு பக்கத்துப் பலத்தையும் சரிசெய்ய வேண்டும். டைனோசரே ஜெயித்தால் ஆளுக்கு ஒரு மூச்சு கூட்டுங்கள். மனிதர்களே ஜெயித்தால் நீர்வரத்தின் முதல் படியை எடுத்துவிட்டு 10,000-இல் தொடங்குங்கள். தடங்கல் இல்லாமல் ஆடினால் ஐந்து சுற்றில் தப்பிவிடலாம்: இரண்டு சுற்று அறைக்கு, ஒன்று வேலைக்கு, இரண்டு துறைக்கு. அதனால் ஏழு சுற்றுக்குக் கீழே குறைக்காதீர்கள், தாக்குதலுக்கு நடுவே மூச்சு விடவும் இடம் இருக்காது.

இரண்டு எண்ணைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. குழம்பில் உப்பும் புளியும் ஒன்றாகக் கூட்டிவிட்டு ருசி பார்ப்பது போலத்தான்.

"வனக்காவலருக்குத் துப்பாக்கி, பரிசல்காரருக்கு நீச்சல்" என்று ஆளுக்கொரு சக்தி கேட்டு அடம் பிடிப்பார்கள். பத்து ஆட்டம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அடிப்படை விதி நிலைக்கும் முன் சக்தி சேர்த்த எந்த வீட்டிலும் ஆட்டம் உருப்பட்டதை நான் பார்க்கவில்லை.

11. இப்போது பேனாவை எடுங்கள்

ஸ்கெட்ச், வண்ணம், பசை எல்லாம் இப்போதுதான் வெளியே வரலாம். 25 துண்டுகளையும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுங்கள். பெயர் மேல் ஓரத்தில், எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நடுவில் எழுதினால் காய் நின்றதும் பெயர் மறைந்துவிடும். காட்டுக் கட்டங்களுக்கு வெளிர் நிறம் போதும். பதினான்கையும் அடர்பச்சை தீட்டினால் மேசையில் காய் எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

துண்டுகளின் பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "இந்த மஞ்சள் பிள்ளையார் பத்திரிகைதான் மீன் கடை" என்று கலைத்துப் போடும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டிவிடுங்கள். முடிந்த அறையைத் திருப்பிப் போட்டாலும் பளிச்சென்று தெரியும்.

டைனோசர்களைப் பெட்டி அட்டையில் வெட்டி, அடியில் பிளவு போட்டுச் சின்னத் துண்டில் செருகினால் நிற்கும். டி. ரெக்ஸ் 7 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் விசிறிக் காற்றுக்கு விழும். இரண்டு ராப்டரும் ஒரே நிறத்தில் இருக்கட்டும், டைலோஃபோசரஸ் வேறு நிறத்தில். படத்தில் டைலோஃபோசரஸுக்கு இருக்கும் கழுத்து விசிறியை மட்டும் நம்பினால் அவசரத்தில் மாறிவிடும்.

12. விதித்தாளும் முதல் ஆட்டமும்

விதி முழுவதும் ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் ஏதோ ஒன்றை வெட்ட வேண்டும் என்று பொருள். மேலே வெற்றிக்கான மூன்று வரி, அடுத்து சுற்றின் வரிசை, அதன்கீழே நான்கு டைனோசருக்கு ஆளுக்கு இரண்டு வரி, கடைசியில் துறை விதிகள். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஆட்டம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தத் தாளில் பதில் இல்லை என்றால் எழுதியது போதவில்லை. இந்தச் சோதனைக்கு என் மனைவியின் சித்தப்பா மாதிரி ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம். "மூச்சு போச்சுன்னா என்ன அர்த்தம், சாவா?" என்று முதல் வரியிலேயே பிடித்துக்கொண்டார்.

புது ஆட்களை உட்கார வைத்து எல்லா விதியையும் முதலிலேயே சொல்லாதீர்கள், பாதியில் கண் சொருகிவிடும். வெற்றி எப்படி என்று சொல்லிவிட்டு, முதல் இரண்டு சுற்றை டி. ரெக்ஸ் மட்டும் வைத்து ஆடுங்கள். மூன்றாம் சுற்றில் ராப்டர்களையும் நான்காவதில் டைலோஃபோசரஸையும் இறக்குங்கள். அந்த முதல் ஆட்டத்தில் விதி தெரிந்த பெரியவர்தான் டைனோசர் பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குத்தான் விதி அதிகம், அதோடு பிள்ளைகள் சேர்ந்து ஒருவரை எதிர்ப்பதில் அவர்களுக்குள் சண்டை குறையும்.

ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி மூடி போட்ட டப்பாவில் போட்டுவிடுங்கள். பகடைக் கொட்டை மூன்றும் தனிக் காகிதத்தில் மடித்து இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை அவை சமையலறைப் புளிப் பாத்திரத்துக்குள் போய், வெள்ளிக்கிழமை சாம்பாரில் ஒன்று கிடைத்தது. மீதி இரண்டு இன்னும் கிடைக்கவில்லை.